பெருநாளுக்கு மறுநாள்



பெருநாள் தொழுகை முடிந்தது. விருந்துண்டு, உறவினர் இல்லங்களுக்கும் சென்று வந்தாயிற்று. மறுநாள் பொழுது விடிந்ததும் நம் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி, "இன்று எங்கே போகிறோம்?" என்பதுதான். சென்னையிலும் தாம்பரத்திலும் செங்கற்பட்டிலும் வாழும் நம் குடும்பங்களிடம் அக்கேள்விக்கு நெடுங்காலமாக ஆயத்தமான விடை ஒன்று உண்டு: கோவளம், அதற்கப்பால் மாமல்லபுரம். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகவும், சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவும் வேன்களும் கார்களும் கடலை நோக்கி விரையும்.

இவ்வாறு உலாச் செல்வது மார்க்கப் பற்றுக்கு ஏற்றதுதானா என்று ஐயுறுவோர் நம்மிடையே சிலர் உளர். அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்து வரும் மூன்று நாட்களும் உண்பதற்கும் பருகுவதற்கும் இறைவனை நினைவுகூர்வதற்கும் உரியவை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். உணவும் இறைநினைவும் அங்கே ஒன்றுக்கொன்று பகையாக நிற்கவில்லை, அருகருகே அமர்ந்திருக்கின்றன. ஆகவே பெருநாளின் மகிழ்ச்சி, போனால் போகிறதென்று நமக்கு விடப்பட்ட சலுகையன்று. அது நமக்கு அளிக்கப்பட்ட கொடை.

நாம் இங்கே சிந்திக்க விரும்புவது வேறொன்று. அந்தக் கொடை வீட்டிலுள்ள அனைவருக்கும் கிடைக்கிறதா?

தேக்சாவுக்கு அருகில் அமர்ந்தவர்

நம் இல்லங்களில் உலா புறப்படும் நாளை எண்ணிப் பாருங்கள். ஃபஜ்ருக்கு முன்பே அடுப்பு எரிகிறது. வெங்காயம் நறுக்கி, கறி கழுவி, அரிசி ஊறவைத்து, பிரியாணி தம்மில் ஏறுவதற்குள் உம்மாவின் முந்தானை வியர்வையில் நனைந்துவிடுகிறது. தாளிச்சா ஒரு தூக்கில், வெங்காயப் பச்சடி ஒரு தூக்கில், பிள்ளைகளின் மாற்றுடை ஒரு பையில். எல்லோரும் வேனில் ஏறிய பின் கதவைப் பூட்டிவிட்டுக் கடைசியாக ஏறுபவர் அவர். அவருக்குக் கிடைக்கும் இடம் சன்னலோரமன்று. தேக்சா கவிழாமல் பிடித்துக்கொள்ள வசதியான இடம்.

கரையை அடைந்ததும் ஆண்கள் அலையில் கால் நனைக்கிறார்கள். பிள்ளைகள் ஓடுகிறார்கள். அவர் பாயை விரிக்கிறார், செருப்புகளை எண்ணி வைக்கிறார், பரிமாறுகிறார், எச்சில் தட்டுகளை அடுக்குகிறார். அஸருக்குப் பின் காற்று இதமாக வீசத் தொடங்கும்போது, "நேரமாயிற்று, புறப்படுவோம்" என்ற குரல் எழுகிறது. இரவு வீடு திரும்பியதும் அனைவரும் களைத்து உறங்க, அவர் தேக்சாவைத் துலக்குகிறார்.

இந்த உலாவில் அவர் கண்டது என்ன? சமையலறையைக் கடற்கரைக்குச் சுமந்து சென்று, மீண்டும் வீட்டுக்குச் சுமந்து வந்ததைத் தவிர வேறென்ன?

அண்ணலார் நின்ற நிலை

பெருநாளன்று மதீனாப் பள்ளிவாசலில் அபிசீனியர்கள் தம் ஈட்டிகளையும் கேடயங்களையும் ஏந்தி விளையாடிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதனைக் காண விரும்பினார்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் அவர்களைத் தமக்குப் பின்னே நிறுத்திக்கொண்டார்கள். அன்னையார் அண்ணலாரின் கன்னத்தோடு தம் கன்னம் பொருந்த நின்று, மனம் நிறையும் வரை கண்டுகளித்தார்கள். போதுமா என்று அண்ணலார் கேட்டு, போதும் என்று அன்னையார் சொன்ன பிறகே அந்தக் காட்சி முடிந்தது.

இந்த நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். எனினும் அதன் ஒரு கூற்றை மட்டும் ஊன்றி நோக்குவதில்லை. அங்கே நடந்தது வேற்று நாட்டாரின் கலை; அதைக் காண விரும்பியவர் ஒரு பெண்; எப்போது முடிப்பது என்பதும் அவருடைய விருப்பத்துக்கே விடப்பட்டது. ஒரு சமுதாயத்தின் தலைவர், படை நடத்தியவர், இறைச் செய்தியைச் சுமந்தவர், தம் துணைவியாரின் கண்ணும் மனமும் நிறைவதற்காகப் பொறுமையுடன் நின்றார்கள். பெருநாள் உலாவுக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் ஏது?

"புறப்படுவோம்" என்று குரல் கொடுக்கும் முன், "போதுமா?" என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் எத்தனை பேரிடம் உள்ளது?

கோவளம் தரும் விருந்து

இவ்வூரில் கண்ணுக்கும் நாவுக்கும் விருந்துக்குக் குறைவில்லை. கோவளத்தில் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் தர்கா இருக்கிறது. நபித்தோழர் ஒருவரின் உடல் பேழையோடு இக்கரையில் வந்து ஒதுங்கியதாக வழிவழியாகச் சொல்லப்படும் மரபே இத்தலத்தின் பெயருக்கு அடிப்படை. அதே ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கார்மேல் மாதா தேவாலயம் உண்டு. தெற்கே சற்றுத் தொலைவில் திருவிடந்தைப் பெருமாள் கோயில். திருமணம் கைகூட வேண்டி இந்துக் குடும்பங்கள் மாலையோடு அங்கே வருகின்றன. ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் கோவளம் ஒரு துறைமுகமாக விளங்கி, சஆதத் பந்தர் என்ற பெயரும் பெற்றிருந்தது. அங்கிருந்த கோட்டையை 1752இல் ராபர்ட் கிளைவ் கைப்பற்றித் தகர்த்தான். கோட்டை போயிற்று; மீனவர் குப்பமும் வழிபாட்டிடங்களும் நிலைத்தன. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள். பாடநூலில் படித்த கிளைவ், தாம் நிற்கும் மணலுக்கு வந்தவன் என்று அறியும்போது அவர்கள் கண்கள் விரியும்.

உணவைப் பொறுத்தவரை நம் யோசனை எளியது. அந்த ஒரு நாள் தேக்சாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முதல் நாள் உண்ட பிரியாணியை மறுநாள் மணலில் உண்பதில் புதுமை என்ன இருக்கிறது? கடலோரம் சென்றால் கடல் தரும் உணவை உண்பதே முறை. வஞ்சிரம், வவ்வால், சங்கரா, நெத்திலி என்று அன்றன்று கரையேறும் மீன்களை மசாலா தடவிக் கண்ணெதிரே பொரித்துத் தருகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளதால் அந்நாட்களில் வரத்துக் குறைந்து விலை ஏறியிருக்கும். நாட்டுப் படகுகளின் மீன் மட்டும் ஓரளவு கிடைக்கும். பெருநாள் அப்பருவத்தில் வந்தால் அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

வெளியில் உண்ணும்போது அறுப்பு முறை பற்றிய கவலை நமக்கு எப்போதும் உண்டு. மீனில் அக்கவலை இல்லை. கடற்பயணத்தில் குடிநீர் குறைவாக இருக்கும்போது கடல்நீரில் ஒளுச் செய்யலாமா என்று கேட்ட ஒருவருக்கு, அந்நீர் தூய்மையானது என்றதோடு, கடலில் இறந்ததும் ஆகுமானதே என்று அவர் கேளாத விடையையும் சேர்த்துச் சொன்னார்கள் பெருமானார் (ஸல்). நண்டும் இறாலும் வரும்போதுதான் நம் பந்தியில் சிறு சலசலப்பு எழும். ஷாஃபி மத்ஹபினர் இறாலைத் தயக்கமின்றி உண்பர். ஹனஃபி மத்ஹபினர் நண்டை விலக்குவர். இறாலில் அவர்களுடைய அறிஞர்களிடையே இரு கருத்துகள் உள. சம்பந்திமார் இருவர் வெவ்வேறு மத்ஹபைச் சேர்ந்தவர்களாயின் நண்டுத் தட்டு ஒரு பக்கமாக நகரட்டும். வஞ்சிரத் துண்டு நடுவில் வரட்டும். கருத்து வேறுபாட்டை மனவேறுபாடு ஆக்காமல் ஒரே சஹனில் கை வைப்பது நம் முன்னோர் நமக்குக் கற்பித்த பண்பாடு.

செலவு மிகும் என்பீர்கள். கறியும் நெய்யும் முந்திரியும் வாங்கிச் சமைத்தெடுத்துச் செல்லும் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். அத்தோடு ஒரு பெண்ணின் பாதி இரவுத் தூக்கத்தையும் அக்கணக்கில் சேருங்கள். பிறகு தெரியும், எது மலிவு என்று. வெளியில் உண்ண வசதியில்லாத குடும்பமாயின், வீட்டு உணவையே எளிமையாகக் கொண்டு செல்லுங்கள்; ஆனால் அதை ஆக்குவதிலும் கட்டுவதிலும் பரிமாறுவதிலும் ஆண்மக்களும் கை கொடுக்கட்டும். நம் கல்யாண விருந்துகளில் அண்டா அண்டாவாகப் பிரியாணி ஆக்கும் பண்டாரிகள் ஆண்கள் அல்லவா? ஊருக்குச் சமைத்தால் தொழில், வீட்டுக்குச் சமைத்தால் இழிவு என்பது எந்த நியாயம்? அண்ணலார் (ஸல்) வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குச் செல்வார்கள் என்றே அவர்கள் விடையளித்தார்கள்.

பிறர் தலத்தைப் பார்க்கும் கண்

கோவளத்திலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தெற்கே மாமல்லபுரம். இங்குள்ள பல்லவர் காலச் சின்னங்களை 1984இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. சிலைகள் உள்ள இடத்தில் நமக்கென்ன வேலை என்று வேனிலேயே அமர்ந்துவிடுவோரும் உண்டு. அங்குள்ளவற்றின் மீது ஏறி நின்று கூச்சலிட்டுப் படம் எடுப்போரும் உண்டு. இரண்டும் சரியன்று.

நம் நெஞ்சுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைச் சொல்வோம். ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரில், 785ஆம் ஆண்டளவில் முதலாம் அப்துர் ரஹ்மான் எழுப்பத் தொடங்கிய பெரிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 1236இல் நகரம் கைமாறியபின் அது தேவாலயமாயிற்று. இன்று உலகெங்குமிருந்து விடுமுறைக்கு வருவோர் அதன் எண்ணூறுக்கு மேற்பட்ட தூண்களிடையே நடந்து செல்கின்றனர். இஷ்பீலியா என நம் வரலாற்று நூல்கள் கூறும் செவில் நகரில், ஈஸ்டருக்கு முந்திய வாரம் பெரும் ஊர்வலங்கள் நடக்கும்போது, அவற்றைப் பார்த்து நிற்கும் ஹிரால்டாக் கோபுரம் ஒரு காலத்தில் பாங்கோசை எழுந்த மினாராவே. அங்குள்ளவர்களின் அடுக்களையில் இன்றும் சர்க்கரை 'அஸூக்கார்', அரிசி 'அர்ரோஸ்', எண்ணெய் 'அஸெய்தே'. மூன்றும் அரபு மொழி விட்டுச் சென்ற சொற்கள். எட்டு நூற்றாண்டு நாட்டில் நிலவிய ஆட்சி 1492இல் முற்றிலும் மறைந்தது. அடுப்பங்கரையில் பெண்களின் நாவில் வாழ்ந்த சொற்கள் மறையவில்லை.

அந்தக் குர்துபாவுக்குள் நுழையும் அயலார் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென நாம் விரும்புவோம்? குரலைத் தாழ்த்தி, கட்டியவர்களின் உழைப்பை மதித்து, "இது யாருடைய கைவேலை?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதானே? அதே கண்ணோடு நாமும் மாமல்லபுரத்தைக் காண்போம். வணங்குவது வேறு, அறிந்து மதிப்பது வேறு. நம் ஈமான் அத்தனை எளிதில் ஆடிவிடக் கூடியதன்று.

அவ்வாறு கண்டால் நம் வீட்டுப் பெண்களுக்கு அங்கே ஒரு வியப்புக் காத்திருக்கிறது. கிருஷ்ண மண்டபத்துப் பாறையில் ஒருவன் பால் கறக்கிறான். பசு திரும்பித் தன் கன்றை நக்குகிறது. அருகே தலையில் பானைகளை அடுக்கிச் சுமந்து ஒரு பெண் நிற்கிறாள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அச்சிற்பி, அரசனை மட்டும் செதுக்கவில்லை. சுமை தூக்கிய பெண்ணையும் பார்த்திருக்கிறான்! பக்கத்துப் பெரும்பாறையில் எலிகள் சூழத் தவம் செய்யும் பூனையைப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கட்டும். வெளியே வந்தால் இன்றும் உளியோசை கேட்கும். இவ்வூர்க் கல்வேலைக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருவச் சிலைகள் நமக்கு வேண்டாம். அம்மியும் உரலும் வாங்கலாமே.

மாசி மகப் பௌர்ணமியை ஒட்டி இக்கரைக்கு வர நேர்ந்தால் மற்றொரு காட்சியும் காணலாம். பல ஊர்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் கூடி, சேலைகளையே கூடாரமாகக் கட்டி, கடற்கரையில் இரவைக் கழிப்பர். விடியலில் தம் கன்னியம்மனை வழிபடுவர். பெண் கேட்பதும் மணம் பேசி முடிப்பதும் அந்த மணலிலேயே நடக்கும். அவர்களுடைய வழிபாடு அவர்களுக்கு. ஆனால் பாட்டி முதல் பச்சிளங்குழந்தை வரை எவரும் வீட்டில் விடப்படாமல் விழாவுக்கு வந்து சேரும் அந்த வழக்கம், யாரும் மதிக்கத் தக்கது.

சில வேண்டுகோள்கள்

தொழுகை பற்றி முதலில் சொல்லிவிடுவோம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். செங்கற்பட்டிலிருந்து அதில் பாதியளவே. நம் மத்ஹபுகளின் கணக்கில் இது கஸ்ருக்குரிய தொலைவன்று. லுஹரையும் அஸரையும் முழுமையாக, உரிய நேரத்தில் தொழ வேண்டும். ஆண்கள் வழியிலுள்ள பள்ளிவாசலில் இறங்கித் தொழுதுவிட்டு வந்துவிடுகிறார்கள். பெண்கள்? வேனில் காத்திருக்கிறார்கள், சிலருக்கு வக்து தப்பிப் போகிறது. ஆகவே புறப்படுமுன் பெண்கள் ஒளுச் செய்யவும் தொழவும் இடமுள்ள பள்ளி எது என்று விசாரித்து வையுங்கள். உலா வருவோர் மிகுந்த சாலைகளில் உள்ள ஜமாஅத் பெரியோர், ஒரு தடுப்பும் ஒரு தண்ணீர்க் குழாயும் கொண்ட சிறு அறையையேனும் பெண்களுக்கென ஒதுக்கினால் அது பெரும் நன்மையாகும்.

இன்னொன்று, வெளிப்படையாகப் பேச நாம் கூசுவது. கழிப்பறை இருக்குமோ இராதோ என்று அஞ்சி, நம் பெண்கள் பயணநாளில் தண்ணீரே குடிப்பதில்லை. வெயிலில் அது உடலை வருத்தும். கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. தூய்மை, கழிப்பறை, உயிர்காப்போர் ஆகியவை அச்சான்றுக்குரிய நிபந்தனைகளில் அடங்கும். இத்தகைய வசதியுள்ள இடத்தைத் தேர்ந்து தங்குவது குடும்பத் தலைவரின் பொறுப்பு.

மூன்றாவது, கடல். மாமல்லபுரத்துக் கடல் காண அழகு, இறங்க ஆபத்து. கரையில் மோதிய நீர் திரும்பும்போது, சில இடங்களில் ஓடையாகத் திரண்டு உள்நோக்கி வேகமாக இழுக்கும். நீந்தத் தெரிந்தவரையும் அது விடாது. அதை எதிர்த்துக் கரை நோக்கி நீந்துவோர் களைத்துப் போவர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதைக் கடந்த பின்னரே கரைக்குத் திரும்ப வேண்டும். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் முழங்கால் அளவுக்கு மேல் எவரையும் இறங்க விடாதீர்கள். விடுமுறை நாளில் சிரித்துச் சென்ற இளைஞர்களை மையித்தாகக் கொண்டுவந்த துயரத்தை இக்கரை பலமுறை கண்டிருக்கிறது. பிள்ளைகளைக் கண்காணிக்கும் வேலையை உம்மாவிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு வாப்பாமார் அலைபேசியில் மூழ்க வேண்டாம். ஒரு மணி நேரம் அவர், ஒரு மணி நேரம் இவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரமாவது அவர் யாரையும் எண்ணாமல், எதையும் எடுத்து வைக்காமல், கடலைக் கடலாகப் பார்க்கட்டும்.

வேனில் ஓர் இருக்கை மிஞ்சினால், தெருவில் தனித்து வாழும் விதவைத் தாய் ஒருவரையோ, தந்தையை இழந்த பிள்ளைகளையோ அழைத்துச் செல்லுங்கள். உண்டு முடித்த இடத்தில் எலும்பும் முள்ளும் நெகிழிப் பையும் கிடக்க விட்டு எழாதீர்கள். வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதே ஈமானின் ஒரு கிளை என்றால், தொல்லையைப் போட்டுவிட்டு வருவது எதன் கிளை?

திரும்பி வரும் வழியில் பிள்ளைகள் உறங்கிவிடுவார்கள். அப்போது அருகில் அமர்ந்திருக்கும் துணைவியாரிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: "இன்று உனக்குப் பிடித்தது எது?" அவர் விடை சொல்லத் தொடங்கினால், உங்கள் பெருநாள் நிறைவுற்றது. சொல்ல ஒன்றுமில்லாமல் தேக்சாவை எப்போது துலக்குவது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால், அடுத்த பெருநாளுக்காவது திட்டத்தை மாற்றுங்கள்.

நம் இல்லங்களில் உழைக்கும் கைகளுக்கு ஓய்வையும், அடங்கிய கண்களுக்குக் காட்சியையும், நம் அனைவருக்கும் நன்றியுள்ள நெஞ்சத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.